அச்சு முறுக்கில் ஒரு முட்டை

"ஒண்ணே ஒண்ணுதான்டி ஊத்தினேன். ஒரு படி மாவுக்கு ஒரு முட்டை. அதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்படி நிக்கிற?"

பொன்னி தகர டின்னிலிருந்து அச்சு முறுக்குகளை எடுத்துச் சின்ன டப்பாவில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். கிறிஸ்துமஸுக்குச் சுட்டவை, இன்னும் கால் டின் மிச்சம். மறுநாள் விழுப்புரத்தில் மாவட்டப் பட்டிமன்றம். மகளுக்கும் மகளின் சிநேகிதிக்கும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மெத்தென்று போனது, இந்த வருஷம் எப்படி மொறுமொறுவென்று வந்தது பார் என்ற பெருமையில்தான் முட்டை விஷயம் வாயிலிருந்து வந்தது.

ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, சுனந்தா சாப்பிட்டாம்மா. ஆறு."

"சாப்பிட்டா இன்னா? நல்லாருக்குன்னு சொன்னாதானே?"

"அவங்க ஜைனரும்மா. முட்டை தொட மாட்டாங்க."

பொன்னியின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது.

சுனந்தா மேல்சித்தாமூர்ப் பெண். மடமும் கோயிலும் இருக்கிற ஊர். அங்கே அவள் அப்பாவுக்கு நிலம். தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் வந்து ஜெசிந்தாவோடு பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு வருஷமாக ஒரே பெஞ்ச். அவளுடைய வீட்டில் கறி, முட்டை, தேன் கிடையாது. பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடும் கிடையாது. மறுநாள் விடிந்த பிறகுதான்.

அவள் முறுக்கு சாப்பிட்ட அன்றைக்குப் பட்டிமன்றத்துக்குப் பேசிப் பழகி முடிக்கவே ஐந்து மணி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் செஞ்சி போகிற வண்டி வரவில்லை. மத்தியானமும் சரியாகச் சாப்பிடாத சுனந்தா, கடை போர்டுகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். "எங்கம்மா சுட்டது. துன்னு, ஜல்தி."

சுனந்தா டப்பாவைப் பார்த்தாள். ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டாள். பிறகு ஒன்றை எடுத்தாள். அப்புறம் ஐந்து.

அந்த ஒரு நொடித் தயக்கத்தை ஜெசிந்தா பார்த்துவிட்டாள். அது என்ன தயக்கம் என்று தனக்குத் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள். காலனிப் பெண்ணுக்கு அந்தத் தயக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாண்டி அந்தக் கை டப்பாவுக்குள் வந்ததே, அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றம். 'மனித சமுதாயம் வளர்கிறதா, தேய்கிறதா?' தமிழ் எடுக்கும் சித்ரா மிஸ் சீட்டு குலுக்கிப் போட்டதில் ஜெசிந்தாவுக்கு 'வளர்கிறது', சுனந்தாவுக்கு 'தேய்கிறது'. எழுதி வைத்திருந்ததையெல்லாம் மறந்துபோய் ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்லிவிட்டாள். "எங்கள் தாத்தா எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாரோ, அந்தத் தெருக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று என் டப்பாவில் கை விடுகிறார்கள். என் தோழி ஆறு அச்சு முறுக்கு சாப்பிட்டாள். சமுதாயம் வளர்கிறது என்பதற்கு இந்த ஆறும் ஆறு சாட்சி!" ஹால் அதிர்ந்தது. எதிரணியில் உட்கார்ந்திருந்த சுனந்தா தலை குனிந்து சிரித்தாள். இரண்டு பேரையும் மாவட்டத்துக்கு அனுப்பலாம் என்று மிஸ் சொல்லிவிட்டார்கள்.

"அந்தப் பேச்சைத்தான்மா நாளைக்கும் பேசணும்" என்றாள் ஜெசிந்தா.

"பேசு. முட்டைன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

பொன்னி எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "தே பாரு. தெரியாம நடந்துபோச்சு. நீ வாயத் தொறந்தீன்னா, அவங்க வூட்ல தெரியாம குடுத்துட்டாங்கன்னா சொல்லுவாங்க? வேணும்னே குடுத்துட்டாங்க, அந்தச் சனங்களே அப்படித்தான்னுதான் சொல்லுவாங்க. நான் பாத்திருக்கேன். சொல்லாத."

உள்ளே ஷேர் ஆட்டோ சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த அப்பா பிரான்சிஸ் எட்டிப் பார்த்தார். திண்டிவனத்துக்கும் பிரம்மதேசத்துக்கும் நடுவே ஒரு நாளைக்குப் பத்து நடை அடிக்கிற மனிதர். எல்லாவற்றையும் ரோட்டை வைத்தே பேசுவார். "உலகம் ஜிஎஸ்டி ரோடு மாதிரி நேராப் போய்க்கினு இருக்குது. நடுவுல ஒரு முட்டை வுழுந்தா வண்டி நிக்குமா? ஏறிப் போய்க்கினே இருக்கும்."

"அந்த வண்டி ஏறினது அவ மேலப்பா."

பிரான்சிஸ் மகளை ஒரு முறை பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.

படுத்தும் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் சுனந்தா காலத்தைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. காலம் ரோடு இல்லையாம், சக்கரமாம். ஆரம் என்பது அதன் ஆரக்கால்: ஆறு ஆரம் இறங்கும், ஆறு ஆரம் ஏறும். இப்போது இறங்குகிறதில் ஐந்தாவது ஆரம், இருபத்தோராயிரம் வருஷம். அதில் இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் முடிந்திருக்கிறது. போகப் போக மனுஷனுக்கு உயரம் குறையும், ஆயுசு குறையும், பொறுமை குறையும்.

"கடைசியில ஒரு முழம்தான்டி இருப்பான். பதினாறு வயசுலயே போய்ச் சேந்துடுவான்."

"நமக்கு இப்பவே பதினேழு ஆயிடுச்சு. தப்பிச்சோம்."

"சிரிக்காதடி."

"இப்படியே இறங்கிக்கினே போவும்னா நீ எதுக்கு வெயில்ல பஸ் ஏறி வந்து படிக்கிற? வூட்லயே இரேன்."

சுனந்தா பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "காலம் இறங்குதுன்னா நானும் இறங்கணுமா இன்னா? பொழுது சாஞ்சா சாப்பிடக் கூடாது, முட்டை தொடக் கூடாதுன்னு நான் இருக்கேன்ல. அந்த அளவுக்கு நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்."

அவள் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அதுதான். அதை ஜெசிந்தாவே தன் கையால் தள்ளிவிட்டிருக்கிறாள். தள்ளியதைச் சாதனை என்று மைக்கில் வேறு சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டால் சுனந்தா போய்விடுவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு மேடையில் பொய்.

மணி பதினொன்றே முக்கால். போர்வைக்குள் செல்போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிசுகிசுப்பாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"சுனந்தா, தூங்கிட்டியா? ஒண்ணு சொல்லணும்டி. பயமா இருக்குது. அன்னிக்கி நீ சாப்பிட்டதுல முட்டை இருந்துச்சாம். எங்கம்மா இப்பத்தான் சொன்னாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்கும் உனக்குன்னு தெரியாது. வேணும்னு குடுக்கலடி. நீ என்ன அடிச்சாலும் பரவால்ல. பேசாம மட்டும் இருந்துடாத."

இரண்டு டிக் விழுந்தது. பன்னிரண்டு பத்துக்கு அந்த இரண்டும் நீலமானது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் சுனந்தா சித்ரா மிஸ்ஸின் பக்கத்தில் நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. விழுப்புரம் பஸ்ஸில் மிஸ்ஸோடு உட்கார்ந்துகொண்டாள். ஜெசிந்தா பின் சீட்டில் தனியாக. முன்னால் தெரிந்த இரட்டைச் சடையையே பார்த்துக்கொண்டு போனாள். விக்கிரவாண்டி தாண்டியதும் மிஸ் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

"எனக்கு வேணாம் மிஸ். இன்னிக்கி ஒரு வேளைதான். நோன்பு."

"போட்டி அன்னிக்கா நோன்பு? மயக்கம் போட்டு வுழுந்தீன்னா உங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது? ஜெசிந்தா, நீயாவது வாங்கிக்க."

"எனக்கும் பசிக்கல மிஸ்."

"ரெண்டும் சேந்து என்னப் பேஜாரு பண்ணுதுங்க" என்று மிஸ் பொட்டலத்தை மடித்து வைத்தார்கள். சடை திரும்பவில்லை.

எதற்கு நோன்பு என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மண்டபத்தில் பத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். முன்வரிசையில் அதிகாரிகள். நடுவர் நடராசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காதில் வைத்த மெஷினை அடிக்கடி திருகிக்கொண்டே இருந்தார். கடைசிச் சுற்றுக்கு அணிக்கு மூன்று பேர் தேறினார்கள். 'தேய்கிறது' அணியில் இரண்டாவது சுனந்தா. 'வளர்கிறது' அணியில் மூன்றாவது ஜெசிந்தா. அதாவது சுனந்தா பேசி முடித்த பிறகு இவள்.

அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு அது உறைத்தது. சுனந்தாவிடம் இப்போது இருப்பதைவிட நல்ல உதாரணம் எந்த அணியிலும் யாரிடமும் இல்லை. சமுதாயம் வளர்கிறதாம், என் தோழியின் அச்சு முறுக்கு சாட்சியாம், அந்தச் சாட்சிக்குள் என்ன இருந்தது தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மண்டபம் எழுந்து நின்று கை தட்டும். அம்மா பயந்ததும் நடந்துவிடும்.

சுனந்தா மைக்குக்கு வந்தாள். கையில் நான்கு சின்னச் சீட்டுகள்.

"நடுவர் அவர்களே! ஏரி வெட்டிய ஊர்க்காரர்கள் நாம். இன்று ஏரியைப் பார்த்துக்கொண்டே கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். இது வளர்ச்சியா?"

கைதட்டல். முதல் சீட்டு பின்னால் போனது.

"ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் முதலில் நீள்வது உதவும் கை அல்ல, செல்போன். இது வளர்ச்சியா? சாலை நேராகப் போகிறது என்கிறார்கள் எதிரணியினர். நேராகப் போகிற சாலை இறங்கவே இறங்காது என்று யார் சொன்னது? மலையிலிருந்து இறங்குகிற சாலையும் நேராகப் போகலாம்!"

நடுவரே மேஜையைத் தட்டினார். மூன்றாவது சீட்டும் முடிந்தது. நான்காவது மேலே வந்தது. சுனந்தா அதைப் பார்த்தாள். பேச்சு நின்றது. கடிகாரத்தில் இன்னும் முழுசாக ஒரு நிமிஷம் பாக்கி. ஜெசிந்தா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சுனந்தா அந்தச் சீட்டை இரண்டாக மடித்தாள். "இத்துடன் முடித்துக்கொள்கிறேன். நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கீழே சித்ரா மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்துபோய் மைக்கைப் பிடித்தபோது மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை. வந்தாலும் சொல்ல முடியாது.

"நடுவர் அவர்களே, நான் ஒரு உதாரணம் கொண்டுவந்திருந்தேன். ஸ்கூல்ல அதைச் சொல்லித்தான் ஜெயிச்சேன். அது தப்புன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

மண்டபத்தில் சிரிப்பு. நடுவர் மெஷினைத் திருகினார். "சத்தமாப் பேசும்மா."

"ஒருத்தங்க என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டா அதுதான் வளர்ச்சின்னு நினைச்சேன். எங்க தாத்தாவுக்கு அது கிடைக்கல. அதனால எனக்கு அது பெருசா தெரிஞ்சுது. இப்பவும் பெருசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் குடுக்கறப்போ, அவங்களுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு கேக்கல. வாங்கிக்கிட்டாங்களா, அது போதும்னு சந்தோஷப்பட்டேன்." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "எங்கப்பா ஆட்டோ ஓட்டுறாரு. ரோடு நேராப் போவுதுன்னு சொல்லுவாரு. போவுதுதான். ஆனா வண்டியில பக்கத்துல இருக்கிறவங்க யாருன்னு திரும்பிப் பாக்காம போனா, எவ்ளோ தூரம் போயும்…"

அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். நாலைந்து பேர் கை தட்டினார்கள், பாவம் என்று தட்டிய மாதிரி இருந்தது.

தீர்ப்பு 'வளர்கிறது' என்றுதான் வந்தது. முன்வரிசையில் அத்தனை அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போது சமுதாயம் தேய்கிறது என்று சொல்ல எந்த நடுவருக்கு மனசு வரும்? பேச்சாளர் பரிசுகள் மூன்றும் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போயின. சுனந்தாவுக்கும் இல்லை, ஜெசிந்தாவுக்கும் இல்லை.

திரும்பும்போது நாலரை மணி பஸ். சித்ரா மிஸ் கோபத்தில் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஜெசிந்தா இடது பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் பை வந்து விழுந்தது. அப்புறம் சுனந்தா.

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் கரும்பு லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றதில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. இவர்கள் பஸ்ஸும் நின்றது.

"கடைசிச் சீட்டுல இன்னா எழுதியிருந்த?" என்று கேட்டாள் ஜெசிந்தா, ஜன்னலைப் பார்த்தபடியே.

"உனக்குத் தெரியாதா?"

"முட்டையா?"

"உம். நைட்டு ஒரு மணிக்கு எழுதினேன். அவ்ளோ கோவம்." சுனந்தா மூக்கை உறிஞ்சினாள். "சூப்பரா எழுதியிருந்தேன்டி. படிச்சிருந்தா கப்பு எனக்குத்தான்."

"அப்புறம் ஏன் படிக்கல?"

"நிமிந்து பாத்தேன். நீ சேரப் புடிச்சிக்கினு உக்காந்திருந்த, பஸ்ஸுல வாந்தி வர்றவங்க மாதிரி."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுனந்தா கைக்குட்டையை நீட்டினாள்.

"வூட்ல சொன்னியா?"

"அம்மாகிட்ட மட்டும். அழுதாங்க. அப்புறம் கேட்டாங்க, அந்தப் பொண்ணு சொல்லாமலே இருந்திருக்கலாமே, ஏன் சொல்லிச்சுன்னு. அவளுக்கு மேத்ஸ்லயே பாத்து எழுதத் தெரியாதும்மான்னு சொன்னேன்."

"எங்கம்மா வேணும்னு பண்ணலடி."

"தெரியும்." சுனந்தா குரலைத் தாழ்த்தினாள். "தப்பு என்னோடதும்தான். அன்னிக்கி எடுக்கறப்பவே நினைச்சேன், முட்டை கிட்டை இருக்குமோன்னு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

ஜெசிந்தா திரும்பினாள். "கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ இன்னா நினைச்சிப்ப? உங்க வூட்டுச் சாப்பாடுன்னுதான் கேக்கறேன்னு நினைச்சிருப்ப. நம்ம கிளாஸ் கலைப்பிரியா, ஊர்த்தெருப் பொண்ணு, அவ குடுத்திருந்தா கேட்டிருப்பேன். உன்கிட்ட கேக்க பயம்."

அந்த ஒரு நொடி இதுதானா? ஜெசிந்தா அதை எப்படியெல்லாம் வைத்துக்கொண்டு, எப்படியெல்லாம் மேடையில் பேசியிருந்தாள். அவளுக்கு முகம் சுட்டது. "ஆமாண்டி. நினைச்சிருப்பேன்" என்றாள்.

வெளியே சூரியன் கரும்புக் கொல்லைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் நின்றது. லாரியை இன்னும் நகர்த்தவில்லை.

"மணி என்ன?"

"அஞ்சு முப்பத்தஞ்சு. நீ அந்த ஒரு வேளையச் சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட்டேன்? வூட்டுக்குப் போயிச் சாப்பிடலாம்னு இருந்தேன். இனிமே எங்க? காலையிலதான்."

ஜெசிந்தா பையைத் திறந்தாள். அடியில் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம். விடியற்காலையில் கிளம்பும்போது அம்மா எதில் என்ன போட்டது என்று சொல்லிக் கையில் கொடுத்தது. இரவு போர்வைக்குள் கிசுகிசுத்ததை அம்மா கேட்டிருக்க வேண்டும். நான்கு மணிக்கே அடுப்பு எரிந்தது. காலையில் அதை எடுத்து நீட்ட ஜெசிந்தாவுக்குத் தைரியம் வரவில்லை. நாள் முழுக்கப் பையிலேயே கிடந்தது.

மூடியைத் திறந்தாள். கேப்பைப் புட்டு. வெல்லமும் தேங்காயும் மணந்தது.

"நீ கேளு" என்றாள் ஜெசிந்தா.

சுனந்தா அவளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். முதலில் மெதுவாக.

"இதுல இன்னா இன்னா இருக்குது?"

"கேப்பை மாவு, வெல்லம், தேங்கா, ஏலக்கா, உப்பு."

"தேன்?"

"இல்ல."

"நெய்யி?"

"எங்க வூட்ல நெய்யி ஏதுடி."

சுனந்தா கொஞ்சம் தயங்கினாள். "ஏனம்? எதுல செஞ்சது?"

"புது இட்லிப் பானை. எனக்குக் கல்யாணம் ஆனா குடுக்கணும்னு பரண்மேல வெச்சிருந்தது. இன்னிக்கித்தான் அட்டைப் பொட்டியிலருந்து பிரிச்சாங்க. இந்தத் தூக்கும் புதுசு. கறி, முட்டை எதுவும் படல."

"உன் கல்யாணப் பானையா?"

"கல்யாணம் எங்க, இன்னும் ரிசல்ட்டே வரல. நீ துன்னு, அது இறங்கிக்கினு இருக்குது பாரு."

சுனந்தா சூரியனை ஒரு முறை பார்த்துவிட்டு, கையைப் பாட்டில் தண்ணீரில் கழுவிக்கொண்டு, முதல் வாயை எடுத்து வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாய். ஜெசிந்தாவும் ஒரு கை அள்ளினாள். இரண்டு பேரும் தூக்கில் மாறி மாறிக் கை விட்டுச் சாப்பிட்டார்கள். முன்னால் சித்ரா மிஸ் குறட்டை விட்டார்கள்.

"நானும் ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஜெசிந்தா. இரண்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது. "உங்க வூட்டுக்கு நான் ஒரு நாள் வரலாமா? உள்ள?"

சுனந்தாவின் கை தூக்கில் நின்றது. உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அப்பாதான்… தெரியலடி. இன்னிக்கிப் போயிக் கேக்கறேன்."

"வேணாம்னு சொன்னா?"

"சொன்னா, ஏன்னு கேப்பேன்." அவள் தூக்கின் அடியை விரலால் வழித்தாள். "இனிமே கேக்கறதுக்கு எனக்கு இன்னா பயம்?"

லாரி நகர்ந்தது. பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. சூரியன் கரும்புத் தோகைகளுக்குள் பாதி போயிருந்தது.

"இன்னும் ஒரு வாய் இருக்குது. நீ எடுத்துக்கோ, சீக்கிரம்" என்று ஜெசிந்தா தூக்கை அவள் பக்கம் சாய்த்தாள்.